முழந்தாளிட்டவர் எழுந்திருக்க

எழுந்தேற்ற மணி ஒலித்தபோது முழந்தாளிட்ட எம் தாயார், மற்றவர்கள் எழுந்த பின்னும் எழவில்லை. பக்தி மிகுதியால் அவ்வாறே இருக்கிறார் என்றுதான் யாம் முதலில் எண்ணினோம். முன்னிருந்த பெஞ்சைப் பற்றி இருமுறை முயன்று, மூன்றாம் முறை அருகிலிருந்த பெண்மணியின் தோளைப் பிடித்தே எழுந்தார். வயது 74. தியாகதுருகத்து மலையடிவாரத்திலே விறகுக்கட்டும் தண்ணீர்க்குடமும் சுமந்து வளர்ந்த உடம்பு அது. கோணான்குப்பம் பெரியநாயகி மாதா திருவிழாவுக்குக் கால்நடையாகவே சென்று வந்த கால்கள் அவை.

இரத்தத்தைச் சோதித்தோம். டி.எஸ்.எச். 6.8 என்று வந்தது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியை வேலை செய்யுமாறு தூண்ட, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் கட்டளையே இந்த டி.எஸ்.எச். தைராக்சின் குறையக் குறையக் கட்டளை உரக்கும். எம் தாயாருக்குக் கட்டளை சற்றே உரத்திருந்தது. ஆனால் தைராக்சின் அளவோ குறையவில்லை. 25 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்றை நாள்தோறும் கொடுத்து, ஆறு வாரம் கழித்து மீண்டும் சோதிக்குமாறு கூறினார்கள்.

இனி யாம் செய்த பிழையை மறைப்பதில் பயனில்லை. உறவினர் ஒருவர் 100 மைக்ரோகிராம் உட்கொண்டு சுறுசுறுப்பாக நடமாடுவதைக் கண்டோம். வயலுக்கு எரு கூட்டுவதுபோல், மருந்தும் கூடினால் வலிமை கூடும் என்று கருதி, யாரையும் கேளாமல் கடையில் அதே குப்பியை வாங்கினோம். மறு சோதனையை மறந்தோம். முதலில் அம்மாவின் உடம்பு இறங்கியது, அக்கம்பக்கத்தார் பாராட்டினர். நான்கு மாதங்கள் ஆனபோது செபமாலை மணியைப் பிடிக்கும் விரல்கள் நடுங்கின. இரவில் உறக்கமில்லை. நெஞ்சு படபடத்தது. முன்பு முழந்தாளிலிருந்து எழத் தடுமாறியவர், இப்போது நாற்காலியிலிருந்தே எழ இயலாதவரானார்.

கள்ளக்குறிச்சிக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த மருத்துவர் முதலில் இரத்தத்தைக் கேட்கவில்லை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டு, தொடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சோதித்ததில் டி.எஸ்.எச். ஏறத்தாழ இல்லாமலே போயிருந்தது. "ஐயா, தசையைத் தேற்ற நினைத்து அதைக் கரைத்துவிட்டீர்கள்" என்றார்.

தைராக்சின் உடம்பின் அடுப்பை எரியவிடும் பொருள். அளவுக்கு மிஞ்சினால், தசையிலுள்ள புரதம் கட்டப்படுவதைவிட விரைவாகச் சிதைகிறது. தொடையும் தோளும்தான் முதலில் மெலிகின்றன. எலும்பும் வலுவிழக்கும், முதியோருக்கு இதயத்துடிப்பு ஒழுங்கு தப்பும் அபாயமும் உண்டு.

ஆயினும் மருந்தைப் பழித்தல் தகாது. உண்மையிலேயே தைராக்சின் குன்றியவருக்குத் தசை விறைக்கும், பிடித்துக்கொள்ளும், அடியெடுத்து வைப்பதே பாரமாகும். அவர்களுக்கு இம்மருந்து மறுவாழ்வு. 1891-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்னும் மருத்துவர், 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியே செலுத்தினார். அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து தம் 74-ஆம் வயதில்தான் இறந்தார். தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தவர் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த எட்வர்டு கெண்டல். அது நிகழ்ந்த நாள் 1914 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்புத் திருநாள்! நம் நாட்டிலும் சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் நடத்தப்பெற்று 2013-இல் வெளியான ஆய்வொன்று, வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேருக்குத் தைராய்டு குறைவு இருப்பதைக் காட்டியது.

ஆனால் எம் தாயாரைப் போல், டி.எஸ்.எச். மட்டும் சற்று உயர்ந்த முதியோரின் நிலை வேறு. வயது ஏற ஏற அந்த எண்ணும் இயல்பாகவே சிறிது ஏறும். ஐரோப்பாவில் 65 வயதுக்கு மேற்பட்ட இத்தகையோர் 737 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருந்தையும் மற்றவர்க்கு மருந்தில்லா மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குப் பின் சோர்வில் இரு பிரிவினருக்கும் வேறுபாடில்லை. பின்னர் அவர்களுள் சிலரின் நடை வேகத்தையும் கைப்பிடி வலிமையையும் ஆராய்ந்தபோதும், மருந்தால் அவை கூடியதாகத் தெரியவில்லை.

அப்படியாயின் அம்மாவின் கால்கள் ஏன் தளர்ந்தன? "என்ன சாப்பிடுகிறார்?" என்று மருத்துவர் கேட்டபோது எமக்கு நாணமாயிற்று. அப்பா மறைந்த பின் காலையில் கஞ்சியும் ஊறுகாயும், இரவில் இரசஞ்சோறும்தான். தவக்காலத்தில் ஒருசந்தி வேறு. அறுபதாம் வயது தொடங்கியவரைத் திருச்சபைச் சட்டமே ஒருசந்திக் கடமையிலிருந்து விடுவித்திருக்கிறது என்று எடுத்துரைத்தும் கேளார். குழாயும் எரிவாயுவும் வந்தபின் குடமும் விறகும் போயின, பகலெல்லாம் திண்ணைதான். தின்னாத தசையும் உழைக்காத தசையும் எவ்வாறு தேறும்?

முதியோருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். 45 கிலோ எடையுள்ள எம் தாயாருக்கு நாளொன்றுக்கு 45 கிராமேனும் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. முட்டையோடு பச்சைப்பயறு, காராமணிச் சுண்டல், தயிர், கிடைக்கும் நாளில் மீன் என்று உணவை மாற்றினோம். காலை மாலை இருவேளையும் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பயிற்சி. முதலில் மூன்று முறை, பிறகு ஐந்து, இப்போது பத்து. மருமகள் எண்ணுவாள், அம்மா எண்ணிக்கைக்குப் பதிலாக அருள்நிறை மரியே சொல்வார்.

மாத்திரையை மருத்துவரே நிறுத்தினார். எட்டு வாரம் கழித்துச் சோதித்ததில் டி.எஸ்.எச். மீண்டும் 6-ஐ ஒட்டி வந்தது. அப்படியே இருக்கட்டும், ஆண்டுக்கொருமுறை பார்ப்போம் என்றார். இது எம் தாயாருக்கு உரிய முடிவு. இதைப் படித்துவிட்டு எவரும் தம் மாத்திரையைத் தாமாகவே நிறுத்தினால், அது எம் பிழையின் மறுபக்கமே ஆகும். தேவைப்படுபவர் அதனை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, காப்பிக்கு அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை.

உட்கார்ந்தவாறே செபிக்கலாம் அம்மா என்று பங்குத்தந்தை இருமுறை சொல்லிவிட்டார். அவர் கேட்பதாயில்லை. சென்ற ஞாயிறன்றும் மணி ஒலித்ததும் முழந்தாளிட்டார். எழும்போது பெஞ்சை ஒரு கையால் மட்டுமே பிடித்தார்; மறு கையில் செபமாலை இருந்தது.