ஆக்ஸில் பார்க்கும் படலம்!

பெண் பார்க்கப் போனால்கூட ஜாதகம், படிப்பு, உயரம் என்று நாலு விஷயத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். பழைய ஜீப்புக்கு ஒரு ஜோடி ஆக்ஸில் ஷாஃப்ட் பார்க்கப் போனீர்களோ, தொலைந்தீர்கள்! நீளம் என்ன, தடிமன் என்ன, எத்தனை பல், இரும்பு எந்தக் குலம், எந்த கோத்திரம், அதைச் சுட வைத்தது யார் என்று கேள்வி மேல் கேள்வி. டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர்கூட திரும்பிப் பார்த்து, "அதைவிட நம்ம டிராக்டர் ஆக்ஸிலை வெட்டிப் போட்டுடலாமே சார்" என்பார்.

பைக்கில் ஆபீஸ் போகிறவர்களுக்காக ஒரு வரி. ஜீப்பின் பின்னால், நடுவில் பானை மாதிரி ஒன்று தொங்குகிறதே, அதுதான் டிஃபரன்ஷியல். அதிலிருந்து இரண்டு பக்கமும் சக்கரத்துக்குப் போகிற இரும்புத் தண்டுதான் ஆக்ஸில் ஷாஃப்ட். மயிலிறகானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொல்லிவிட்டுப் போனது இதைப் பற்றித்தான். 1995-ல் திருச்சியிலிருந்து எங்களைப் பிரித்தபோது பெரம்பலூர் மாவட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இரண்டு வருஷத்தில் பெயரை எடுத்துவிட்டார்கள். அவர் சொன்ன பாரக் கணக்கு மட்டும் மாறவில்லை. என்ன, இங்கே மயிலிறகுக்குப் பதில் சின்ன வெங்காயம்!

எங்கள் ஊர் மண் அப்படி. கோடையில் கரிசல் வெடித்து, கால் போனால் மாட்டிக்கொள்ளும் அளவுக்குப் பிளந்து கிடக்கும். ஐப்பசியில் அதே மண் அல்வா. கிழக்கே அரியலூர்ப் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல். இதெல்லாம் ஒரு காலத்தில் கடல். சுமார் 10 கோடி வருஷத்துக்கு முந்தைய சிப்பியும், நத்தை மாதிரி சுருண்ட அம்மோனைட்டும் காரை, குன்னம் பக்கமெல்லாம் கிடைத்திருக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகப் படுத்திருக்கிறது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்பைத்தான் சிமெண்ட் ஃபேக்டரிகள் தின்கின்றன. அதைச் சுமக்கும் டிப்பர்கள் ரோட்டைத் தின்கின்றன. மிச்சம் இருக்கும் ரோட்டில் நாங்கள் வண்டி ஓட்டுகிறோம். (காரைப் பள்ளங்களில் ஜீப் விட்டு வித்தை காட்டும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள்: வேண்டாம். டயர் நசுக்கும் சிப்பி இன்னொரு தடவை முளைக்காது.)

எங்கள் வீட்டு ஜீப், சிஜே-3பி என்கிற பழைய மஹிந்திரா. பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் அண்ணன் காட்டுக்கு மழைக்காலத்தில் போய்ச் சேருகிற ஒரே வண்டி அதுதான். காலையில் களையெடுக்கும் பெண்களைக் கூட்டிப்போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும், நடுவில் வெங்காய மூட்டை சுமக்கும். ஓட்டுவது அண்ணன் மகன். கல்லூரியில் கடைசி வருஷம். சனி, ஞாயிறு நான் பக்கத்து சீட்.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் ஆறு பெண்களையும் தெருமுனையில் இறக்கிவிட்டு, வெங்காய மூட்டையோடு ஏரிக்கரையில் ஏறினோம். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி இடுப்பு ஒடிந்த மாதிரி உட்கார்ந்தது. எங்கள் பின் சக்கரம், பிரேக் டிரம்மோடு சேர்ந்து எங்களையே முந்திக்கொண்டு போய் ஏரியில் இறங்கியது.

"சித்தப்பா, பிரேக் இல்ல!" என்றான் பையன்.

நிஜமாகவே இல்லை. இந்த ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். டிரம் கழன்றதும் உள்ளே இருந்த சிலிண்டர் பிதுங்கி எண்ணெய் முழுக்கக் கொட்டிவிட்டது. ஹேண்ட் பிரேக்? அது சக்கரத்தில் இல்லை, பின்னால் போகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. ஒரு ஆக்ஸில் உடைந்தால் டிஃபரன்ஷியல் அந்தப் பக்கம் சும்மா சுற்றும், பிடித்தும் பிரயோஜனமில்லை. முன் கியரையும் போட்டால்தான் முன் சக்கரம் வழியாக ஏதாவது பிடி கிடைக்கும். நல்லவேளை, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம். பிரேக் தட்டு மண்ணை உழுது, தானே நின்றது. கரையின் விளிம்புக்கு இரண்டு முழம் பாக்கி. ஆறு பெண்களோடு, பச்சைமலை இறக்கத்தில் இது நடந்திருந்தால்? அன்று ராத்திரி இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

அரியலூரில் எங்கள் மெக்கானிக் அண்ணன், உடைந்த ஷாஃப்ட்டின் முகத்தை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் பிடித்தார். ஓரத்திலிருந்து உள்ளே, கடல் அலை மணலில் விட்டுப்போகும் வரி மாதிரி வளைவு வளைவாகக் கோடுகள். அந்த இடம் வழவழவென்று கறுத்திருந்தது. நடுவில் ஒரு சின்ன இடம் மட்டும் சர்க்கரை மாதிரி மினுமினுப்பு.

"தம்பி, இது நேத்து உடையல. ரொம்ப நாளா உடைஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. இந்த மினுக்கற இடம் மட்டும்தான் நேத்து" என்றார்.

வெடிப்பு ஆரம்பித்த இடம் கீ வெட்டிய காடியின் மூலை. இந்த ஜீப்பில் ஷாஃப்ட்டின் வெளிமுனை கூம்பாக இருக்கும். அதில் ஹப்பைச் செருகி, ஒரு கீ வைத்து, நட் போட்டு இறுக்க வேண்டும். காடி வெட்டிய இடத்தில் இரும்பும் குறைவு, மூலையும் கூர்மை. சட்டையில் கத்தரிக்கோல் பட்ட இடத்தில்தானே கிழிசல் ஆரம்பிக்கும்!

இன்னொரு பக்கத்து ஷாஃப்ட் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. "இதை வெச்சுக்கிட்டு ஒண்ணு மட்டும் வாங்கிடலாமா?" என்றான் பையன். மெக்கானிக் அண்ணன் பதில் சொல்லாமல் சிவப்புச் சாயத்தைத் தடவி, துடைத்து, வெள்ளைப் பவுடரை அடித்தார். பி.ஹெச்.இ.எல். வந்த காலத்திலிருந்து திருச்சி வெல்டிங் பட்டறைகளுக்குப் பழக்கமான சோதனை. கொஞ்ச நேரத்தில் வெள்ளையில் தலைமுடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு எழும்பியது. அதே காடி, அதே மூலை. அதுவும் நாள் எண்ணிக்கொண்டிருந்தது.

ஆக, ஜோடியாக வாங்க வேண்டும். எது?

பையன் மொபைலில் வீடியோ பார்த்து முடிவே செய்துவிட்டான். வெளிநாட்டுக் குரோம்-மாலி ஷாஃப்ட், நல்ல தடிமனாக. கூடவே 31 அங்குல டயர். தடிமன் விஷயத்தில் அவன் சொன்னது தப்பில்லை. முறுக்கைத் தாங்கும் சக்தி விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். விட்டம் 10 சதவிகிதம் கூடினால் பலம் 33 சதவிகிதம் கூடும். ஆனால் தடித்த ஷாஃப்ட்டைச் செருக பேரிங், ஆயில் சீல், டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பல்சக்கரம் எல்லாம் மாற வேண்டும். இந்த ஜீப்பின் பின்பக்கம் இருக்கும் டானா 44 குடும்பத்திலேயே 10 பல், 19 பல், 30 பல் என்று மூன்று சாதி உண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது. எண்ணிப் பார்க்காமல் வாங்கினால் வீட்டு அலமாரியில்தான் வைக்க வேண்டும்.

"அது மட்டுமில்ல தம்பி" என்றார் அண்ணன். "ஆக்ஸில் ஃபியூஸ் மாதிரி. அதை ரொம்ப கெட்டியாக்கினா அடுத்தது கிரௌன் பினியன் போகும். அந்தச் செலவுக்கு இன்னொரு ஜீப்பே பாத்துடலாம்!"

கணக்குப் போட்டேன். முதல் கியர் சுமார் 2.8, லோ கியர் 2.46, பின்னால் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. இன்ஜின் ஒரு பங்கு முறுக்கினால், சக்கரங்களுக்கு 37 பங்கு! சக்கரம் வழுக்குகிறவரை ஆபத்தில்லை. வழுக்குவதே ஷாஃப்ட்டுக்குப் பாதுகாப்பு. சேற்றில் வேகமாகச் சுழலும் சக்கரம் திடீரென்று கல்லைப் பிடிக்கிறதே, அந்த ஒரு நொடிதான் கொல்லும். 31 அங்குல டயர் போட்டால், கம்பெனி டயரைவிட நெம்புகோல் நீளம். அதே பிடிப்புக்கு ஷாஃப்ட்டில் சுமார் பத்து சதவிகிதம் முறுக்கு கூடும். கனமும் அதிகம். பலத்தை வலது கையால் வாங்கி இடது கையால் விற்கிற கதை. தவிர, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றிய வண்டி செல்லாது என்று உச்ச நீதிமன்றமும் 2019-ல் சொல்லிவிட்டது. பழுதான பாகத்துக்குப் பதில் பாகம் போடுவது வேறு, வண்டியையே வேறு ஆளாக்குவது வேறு.

அடுத்து, ஃபுல் ஃப்ளோட்டிங். அதில் வண்டியின் பாரத்தை ஹவுசிங்கே சுமக்கும், ஷாஃப்ட்டுக்கு முறுக்குவது மட்டும்தான் வேலை. உடைந்தாலும் சக்கரம் கழலாது. லாரியில் அப்படித்தான். எங்கள் ஜீப்பின் முன்பக்கமும் அப்படித்தான். யுத்தத்தில் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்குப் பின்பக்கமும் அதுதான்; யுத்தம் முடிந்து சம்சாரிகளுக்கு விற்கத் தொடங்கியபிறகு செமி ஃப்ளோட்டிங்காக மாற்றினார்கள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஹப், பிரேக் எல்லாம் புதிதாக வேண்டும். விலை கேட்டதும் என் மனைவி, "ஏங்க, ஆறு பேருக்கும் ஆளுக்கொரு டி.வி.எஸ். 50 வாங்கிக் குடுத்துடலாமே!" என்றாள்.

கடைசியில் தேறியது இதுதான். அதே தடிமன், அதே பல். ஆனால் கூம்பும் கீயும் இல்லாமல், வெளிமுனையில் ஃபிளான்ஜ் சேர்த்தே அடித்த ஒற்றைத் துண்டு ஷாஃப்ட். ஈ.என். 24 ரக எஃகு, முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தி, அந்த ரிப்போர்ட்டோடு. இதுவும் பாரம் சுமக்கும் செமி ஃப்ளோட்டிங்தான். ஆனால் வெடிப்பு ஆரம்பிக்கும் அந்தக் காடியே இதில் கிடையாது.

வாங்கும்போது அண்ணன் பார்த்தவை உங்களுக்கும் உதவும். ஃபிளான்ஜும் தண்டும் சேரும் மூலை வளைவாக இழைந்திருக்க வேண்டும். கூர்மையாக இருந்தால் தொடாதீர்கள். லேத்தில் மாட்டிச் சுற்றி, டயல் கேஜ் வைத்து ஆட்டம் பாருங்கள். மேற்பரப்பைக் கெட்டிப்படுத்தியதாகச் சொன்னால் ஒரு ஓரத்தில் அரத்தை வையுங்கள். வழுக்கினால் சரி, கடித்தால் பொய். அப்படிக் கெட்டிப்படுத்திய லாரி, டிராக்டர் ஷாஃப்ட்டைக் கடைந்து சிறிசாக்கிப் போடுகிறேன் என்பவரிடம் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். கெட்டியான தோலைச் சீவிவிட்டு உள்ளே இருக்கும் மெத்தென்ற சதையைத்தான் தருவார். இடது, வலது நீளம் வேறு வேறு. இரண்டையும் அளந்துகொண்டு போங்கள்.

பெரிய டயருக்கென்று பையன் சேர்த்து வைத்திருந்த பணத்தில், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் தரும் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் போட்டோம். ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். இந்த யோசனையைச் சொன்னது நானோ அண்ணனோ இல்லை, பையனேதான். ஏரிக்கரையில் அவன் கால் தரையைத் தொட்ட அந்த நிமிஷம் அவனுக்கு மறக்கவில்லை. அதோடு ஒரு சட்டமும் போட்டான்: ஆட்கள் ஏறினால் மூட்டை இல்லை, மூட்டை ஏறினால் ஆட்கள் இல்லை.

வேலை முடிந்து முதல் நாள் பெண்கள் ஏறினார்கள். மூத்தவர் ஒருத்தர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, இம்புட்டு செலவு பண்ணினீங்கன்னாங்க... ஒண்ணும் வெளிய தெரியலையே?" என்றார்.

பையன் கியரைப் போட்டபடி சொன்னான்: "தெரியக் கூடாதுக்கா. ஆக்ஸில் வெளியே தெரிஞ்சாத்தான் வம்பு!"