பேரனின் துப்பாக்கியும் என் பசைகளும்

போன ஜூலையில் பேரன் பிரான்சிலிருந்து வந்திருந்தான். பதினொரு வயது. வருடத்துக்கு ஒரு தடவை, ஐந்து வாரம். மருமகள் வீடு புதுச்சேரியில் சொல்தா குடும்பம், அதனால் பையன் பிறந்ததே அங்கேதான். அவனுக்குத் தெரிந்த தமிழ் பாட்டியிடம் தோசை கேட்கும் அளவுக்குத்தான். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆகவே வீட்டில் மொழிபெயர்ப்பு உத்தியோகம் எனக்கு. என் பிரெஞ்சு அறுபது வருடத்துக்கு முந்தையது. அதைக் கேட்டு அவன் சிரிப்பான்.

இந்த வருடம் சிரிக்கவில்லை. கையில் போன், காதில் ஒரு குமிழ். செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனேன். 24 அடி ஆழம், 3645 மில்லியன் கன அடி கொள்ளளவு என்று கணக்கு சொன்னேன். "உய், தாத்தா" என்றான். ஆமாம் தாத்தா என்று பொருள். அவ்வளவுதான் பேச்சு.

நாலாம் நாள் மொட்டை மாடியிலிருந்து அவன் துப்பாக்கி கீழே விழுந்தது. ஃபோம் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி. ஸ்பிரிங்கைப் பின்னுக்கு இழுத்துவிட்டு விசையை அழுத்தினால், உள்ளே ஒரு தண்டு காற்றைத் தள்ளும், அந்தக் காற்று குண்டைத் தள்ளும். பின்னுக்கு இழுக்கும் பிடி முறிந்துவிட்டது. வந்ததிலிருந்து அவனாக என்னிடம் கொண்டுவந்த முதல் பொருள் அது. நான் விடுவேனா?

மேஜை இழுப்பறையில் எப்போதும் ஒரு சின்ன டியூப் சூப்பர் குளூ இருக்கும். இரண்டு சொட்டு விட்டு அழுத்திப் பிடித்தேன். அரை நிமிடத்தில் கல் மாதிரி நின்றது. "ஸா தியேன்?" என்று கேட்டான். நிற்குமா என்று அர்த்தம். நிற்கும் என்றேன், அரசாங்க முத்திரை வைத்தது போல.

அரை மணி நேரம் நின்றது. பையன் கொடுக்கப் பார்த்தான், நானும் ஒரு தடவை இழுத்துப் பார்ப்போமே என்று இழுத்தேன். பட்டென்று பிடி தெறித்தது, ஒரு சில்லு என் கன்னத்தில், கண்ணாடிக்குக் கொஞ்சம் கீழே அடித்தது. பெரிய காயமில்லை, ஒரு சொட்டு ரத்தம். ஆனால் பையன் முகம் வெளுத்துவிட்டது. இழுத்தது அவனாக இருந்து, அது கண்ணாகவும் இருந்திருந்தால்? அன்று இரவு தூக்கம் வரவில்லை.

குற்றம் பசையுடையது அல்ல, என்னுடையது. சூப்பர் குளூ காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து இறுகுவது. நிதானமாக இழுத்தால் பிரமாதமாகத் தாங்கும். ஆனால் இறுகியபின் கண்ணாடி போல நொறுங்கும் குணம் உண்டு. ஸ்பிரிங் கொடுக்கும் திடீர் அடியை அது தாங்காது. இதில் ஒரு வேடிக்கை. ஹாரி கூவர் என்ற அமெரிக்கர், நிஜத் துப்பாக்கியின் குறிபார்க்கும் பாகத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோதுதான் இந்தப் பொருள் அகப்பட்டது. தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறதே என்று தூக்கி வைத்துவிட்டார்கள். பசையாகக் கடைக்கு வந்தது 1958-ல். துப்பாக்கிக்கு அன்றும் ஆகவில்லை, இன்றும் ஆகவில்லை.

பிரெஞ்சில் பசைக்கு 'கொல்' என்று பெயர். வாத்தியார் மடக்கிக் கேட்கும் கேள்விக்கும் அதே சொல்தான். முசியே இன்று ஒரு கொல் வைக்கப் போகிறார் என்றால் எங்கள் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதன் தமிழ் அர்த்தமே பொருத்தமாக இருக்கும். அந்த முசியே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: பதிலுக்கு ஓடாதே, கேள்வியை இன்னொரு முறை படி. நான் கேள்வியே படிக்காமல் பசையை எடுத்துவிட்டேன். எந்தப் பசை என்பது இரண்டாவது கேள்வி. எந்தப் பிளாஸ்டிக் என்பது முதல் கேள்வி.

மறுநாள் இருவரும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு (அவனுக்கு என் பழைய கண்ணாடி, அதில் அவன் ஒரு ஆந்தை) துப்பாக்கியைப் பிரித்தோம். திருகாணி ஒவ்வொன்றையும் எடுக்கும் முன் அவன் போனில் படம் பிடித்தான். ஸ்பிரிங்கை நான் உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு மெதுவாக வெளியே எடுத்தேன். உள்பக்கம் பொடி எழுத்தில் அச்சு இருந்தது. வெளி ஓட்டிலும் முறிந்த பிடியிலும் ஏபிஎஸ். விசையோடு சேர்ந்த வெள்ளைக் கொக்கியில் பிஓஎம். அவன் அதைச் சேர்த்து "பொம்!" என்று படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். பொம் என்றால் ஆப்பிள். ஐந்து நாளில் முதல் சிரிப்பு.

அச்சு இல்லாத துண்டுகளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். பாலிதீன், பாலிபுரொப்பிலீன் மிதக்கும். அவற்றில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது, முயற்சி வீண். ஏபிஎஸ் மூழ்கும். பிஓஎம் இன்னும் வேகமாக மூழ்கும். மூழ்குகிற இரண்டையும் பிரிக்க ஒரு சொட்டு அசிட்டோன். ஏபிஎஸ் பிசுபிசுக்கும், பிஓஎம் சட்டை செய்யாது. மதியம் முழுவதும் வீட்டிலிருந்த டப்பா, மூடி, பாட்டியின் சீப்பு எல்லாம் தண்ணீரில் முங்கின. சீப்பை அசிட்டோனுக்கு விடாமல் அவள் பிடுங்கிக்கொண்டாள்.

அசிட்டோன் வாங்கப் பூந்தமல்லி போனோம். பெயின்ட் கடைக்காரர், "பெரியவரே, பைப்பா? அதுக்குச் சொல்யூஷன் இருக்கு, அதை வாங்கிக்கோங்க" என்றார். அது பிவிசி பைப்புக்கானது, இது வேறு பிளாஸ்டிக் என்று விளக்கினேன். ஆனால் தத்துவம் அதேதான். பிளம்பர் பைப்புக்குத் தடவுவது ஒட்டுவதில்லை, இரண்டு பரப்பையும் கொஞ்சம் கரைக்கிறது. கரைந்தவை கலந்து, திரவம் ஆவியாகிப் போனபின் ஒரே பிளாஸ்டிக்காக நிற்கின்றன.

பேரன் தன் லெகோ கட்டைகளில் உடைந்த ஒன்றைத் தியாகம் செய்தான். அதுவும் ஏபிஎஸ்தான். பிளேடால் சீவிக் கண்ணாடி சீசாவில் போட்டு அசிட்டோன் ஊற்றி மூடி வைத்தோம். காலையில் கஞ்சிப் பதத்தில் பசை. இது சட்டென்று தீப்பிடிக்கும் திரவம். அடுப்பு, சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாமல் மொட்டை மாடியில் வைத்துத்தான் வேலை. முறிந்த இரண்டு முகத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, சேர்த்து, ரப்பர் பேண்டால் கட்டி, மேலே சுற்றிலும் இன்னொரு பூச்சு.

பிறகு காத்திருப்பு. இரண்டு முழு நாள் தொடக்கூடாது என்றேன். பையனுக்கு அது தண்டனை. மணிக்கு ஒரு தடவை மாடிக்கு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பாட்டியிடம், "பசி இன்னும் காயலை" என்பான். பசைக்கும் பசிக்கும் வித்தியாசம் புரியவைக்க அவளுக்கு இரண்டு தோசை செலவானது. போன் எங்கே இருந்தது என்று எனக்கு ஞாபகமில்லை.

வெள்ளைக் கொக்கியிலும் ஒரு கீறல் இருந்தது. அதை எதுவும் ஒட்டாது. முப்பது வருடம் குமாஸ்தாவாகக் கோப்புகளை டேக் போட்டுக் கட்டியவன் நான். கோந்து தடவியது கழன்று வந்ததுண்டு, டேக் கழன்றதில்லை. பழைய தகர டப்பாவில் ஒரு பட்டை வெட்டி, ஓட்டை போட்டு, சின்ன போல்ட்டும் நட்டுமாக இறுக்கினேன். அழகாக இல்லை. நின்றது.

குண்டுகளின் ரப்பர் மூக்கு பல கழன்றிருந்தன. பையன் சூப்பர் குளூவை எடுத்தான். வாங்கி வைத்துவிட்டேன். ஃபோமில் ஊறினால் அந்த இடம் கட்டியாகிவிடும், மெத்தென்ற குண்டு கல்லாகும். கொலு அலங்காரத்துக்கு என் மனைவி வைத்திருந்த குளூ கன் உதவியது. சூடு அதிகமானால் ஃபோம் உருகும் என்பதால் பசையைக் கொஞ்சம் ஆறவிட்டு ஒட்டச் சொன்னாள். அந்தப் பாடம் முழுக்கத் தமிழில் நடந்தது. மொழிபெயர்க்க என்னை யாரும் கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் முதல் இழுப்பு நான்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு. இருபது தடவை இழுத்தேன். பிறகுதான் அவன் கையில் கொடுத்தேன். உடனே இன்னும் கனமான ஸ்பிரிங் போடலாம், வேகம் கூடும், வீடியோவில் பார்த்தேன் என்றான். முடியாது என்றேன். ஒட்டுப்போட்ட பிடி ஏற்கெனவே உள்ள பலத்துக்குத்தான் கணக்கு. ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். இருக்கட்டும். என் கன்னத்தில் தழும்பு இன்னும் ஆறியிருக்கவில்லை.

ஊருக்குப் போகும்போது துப்பாக்கி பெரிய பெட்டிக்குள் போனது. அசிட்டோன் சீசா விமானத்தில் ஏறக்கூடாது என்பதால் இங்கேயே என் அலமாரியில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டான். பிடி அப்படியே இருக்கிறதாம். குண்டு போடும் பெட்டியின் மூடிதான் உடைந்துவிட்டதாம். துண்டைக் காமிராவுக்கு நேரே காட்டி, "தாத்தா, எந்தப் பசை?" என்றான், பசி என்று சொல்லாமல். நான் பதில் சொல்வதற்குள், "இரு, இரு" என்று போனை மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்கப் போனான்.