கடன் என்னும் சொல்

கடன் என்ற சொல்லை வகுப்பில் விளக்கும்போது அதன் இரு பொருள்களையும் சொல்வது என் வழக்கம். புறநானூற்றில் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் வகுத்துத் தருவது கடமை. இன்னொன்று வட்டியோடு வாசலில் வந்து நிற்பது. பெரியப்பா தம் உயிலில் என்னை நிறைவேற்றாளராக நியமித்துவிட்டுக் கண்மூடியபோது இரண்டும் சேர்ந்தே வந்தன.

வீடு பெரியம்மாவுக்கு, தம் தாயார் வழி வந்த நகைகள் இரு மகள்களுக்கு. வீடு அடமானத்தில் இருந்தது. அதற்கு மேல் புரோநோட்டுக் கடன்கள் மூன்று.

"பேசாமல் விலகிவிடு, உன் சம்பளத்தில் பிடிப்பார்கள்" என்றனர் உறவினர். விலகலாம்தான், ஆனால் சொத்தில் கைவைக்கும் முன்பே விலக வேண்டும். சம்பளத்தைப் பற்றிய அச்சம் வீண். இறந்தவரின் சொத்து எவ்வளவு கைக்கு வந்ததோ, அந்த அளவுக்கே பொறுப்பு என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. பெற்ற மகனுக்கே, 2005 செப்டம்பர் 9க்குப் பின் தந்தை வாங்கிய கடனைத் தீர்க்கும் புண்ணியக் கடப்பாடு சட்டத்தில் இல்லை.

அச்சம் கொள்ள வேண்டிய இடங்கள் வேறு. கடன்காரர் ஒருவர் பதினாறாம் நாளே புதிய புரோநோட்டோடு வந்தார். "சும்மா ஒரு கையெழுத்து, சார். நோட்டைப் புதுப்பிக்கத்தான்." சும்மா அன்று. பொறுப்பு சொத்தின் அளவுக்கே என்று வெளிப்படையாக எழுதாமல் கையெழுத்திட்டால், செலாவணி முறிச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி அது என் சொந்தக் கடனாகிவிடும். காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

மற்றொன்று நகை. மூத்தவள் தன் மகள் திருமணத்திற்கு காசுமாலையை மட்டுமாவது முதலில் தரச் சொன்னாள். நியாயமான ஆசை. ஆனால் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் ஈமச் செலவை முதலில் வைக்கிறது. கடன்கள் தீர்ந்த பிறகே உயில்கொடை. கடன்காரர்களுக்குள்ளும் முந்தியவர் பிந்தியவர் இல்லை, சொத்து போதாவிட்டால் விகிதப்படிதான். வரிசை மாற்றி நான் கொடுத்து, அதனால் நட்டம் நேர்ந்தால், 368ஆம் பிரிவின்படி என் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். இதையெல்லாம் தங்கையிடம் எந்த மொழியில் சொல்வது? தமிழாசிரியனுக்கும் அது கைவரவில்லை.

வீட்டின் அடமானம் வீட்டோடேயே போயிற்று; பெரியம்மா அதை அறிந்தே ஏற்றுக்கொண்டார். காசுமாலை உட்பட நகைகளில் ஒரு பகுதியை விற்று மூன்று நோட்டுகளையும் மீட்டேன். மிஞ்சியதைக் கணக்கோடு பிரித்துக் கொடுத்தபோது இளையவள் எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். மூத்தவள் எண்ணிப் பார்த்தாள், ரசீதில் கையெழுத்திட்டாள். அண்ணா என்று அழைக்கவில்லை.