ஈரக் கோணி

மேட்டுப்பாளையத்தில் வளர்ந்தவனுக்குக் கார் நின்றுபோனால் மலைமேல்தான் சந்தேகம் வரும். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் மலையேற்றம் கிடையாது. போதாக்குறைக்குக் கடலை நோக்கிப் போகிறோம். கடலோரம் என்றாலே குளுமை என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

கத்திரி வெயில் அதைத் திருக்கழுக்குன்றத்துக்குள்ளேயே தீர்த்துவைத்தது. கடற்காற்று இன்னும் கிளம்பவில்லை. மேற்கேயிருந்து அனல்தான் வந்தது. ஊரைத் தாண்டி நுங்கு சாப்பிட வண்டியை ஓரங்கட்டினார் நண்பர். அறுபதுகளின் கார், அவருடைய செல்லப்பிள்ளை. தின்றுவிட்டு வந்தால் கிளம்ப மறுத்தது. ஓடியவரை ஒரு குறையும் இல்லை, நிறுத்தியதும் மக்கர்.

கார்புரேட்டரில் தூசு என்று தீர்ப்பளித்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். நுங்கு சீவிக்கொண்டிருந்த பாட்டி அரிவாளைக் கீழே வைக்கவில்லை.

"அத்த ஏம்பா நோண்டற? பெட்ரோலு கொதிக்குது. கோணிய நனைச்சி பம்பு மேல போடு."

"தண்ணி உள்ள போயிட்டா யாருங்க பாக்கறது?"

"உள்ள ஊத்தவா சொன்னேன்? மேல போடச் சொன்னேன்."

அவர் கணவர் மாமல்லபுரத்தில் டாக்ஸி ஓட்டியவராம். நண்பர் இன்ஜினியர். சண்டை நீண்டது. நான் இன்னும் இரண்டு நுங்கு வாங்கிக்கொண்டேன்.

பாட்டி சொன்னதுதான் விஷயம். பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கும். பழைய கார்களில் பம்ப் இன்ஜினின் விலாவிலேயே இருக்கும். அங்கிருந்து டாங்கிலுள்ள பெட்ரோலை உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைந்து, கொதிநிலையும் இறங்கும். ஓடுகிறவரை காற்றும் புதுப் பெட்ரோலும் பம்பின் சூட்டை எடுத்துக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் இன்ஜின் சூடெல்லாம் பம்பில் ஏறும். உள்ளே ஆவி சேர்ந்துவிட்டால், முனையை அடைத்த சைக்கிள் பம்ப் மாதிரி வெறுமனே அமுங்கி எழும். இன்றைய கார்களில் பம்ப் டாங்குக்குள்ளேயே இருந்து அழுத்தித் தள்ளுவதால் இந்த வம்பு பெரும்பாலும் இல்லை.

உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும், பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். குன்னூர் ஏற்றத்தில் பானட்டைத் திறந்துவைத்து நின்ற வண்டிகளில் சிலவற்றுக்காவது இதே நோய் இருந்திருக்கும். எங்கள் ஆட்கள் எல்லாவற்றுக்கும் ரேடியேட்டரில்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். ஏற்றத்தில் வேறு வம்பும் உண்டு. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் பம்பே கிடையாது; சீட்டுக்கு அடியிலிருந்த டாங்கிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கும். செங்குத்து ஏற்றத்தில் இறங்காது என்பதால் ரிவர்ஸில் ஏற்றுவார்களாம். கல்லாறு வளைவுகளில் அப்படி ஒருவர் பிருஷ்டம் முன்னால் ஏறியிருந்தால் எங்கள் ஊரே வேலையை விட்டுவிட்டுப் பார்த்திருக்கும்.

கடைசியில் கோணி போனது. நண்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, பாட்டியே பம்பின்மேல் சுற்றிச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். "கடக்காத்து எறங்கிட்டா இதுகூட வாணாம். ஒரு மணிக்கு மேல வந்திருந்தா தப்பிச்சிருப்ப."

சிறிது நேரத்தில் இன்ஜின் உறுமியது. கோணிக்குக் காசு வாங்க மறுத்தார். மிச்ச நுங்குக் குலையை எங்கள் தலையில் கட்டிவிட்டார், பேரம் பேசாமல்.

மாமல்லபுரத்தில் சாப்பாட்டு மேஜையில், 'வேப்பர் லாக்' என்றால் என்ன, அதை எப்படிச் சரிசெய்ய வேண்டும் என்று பக்கத்து மேஜைக்காரருக்கு நண்பர் அரைமணி நேரம் விளக்கினார். டிஷ்யூ பேப்பரில் படம்கூடப் போட்டார். அதில் பாட்டி இல்லை.