முகமும் முகவாட்டமும்

ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலையும் வேளையில், கோவில் வாயிலில் நின்று ஒவ்வொருவரையும் இரண்டு சொல் விசாரித்து அனுப்புவது பங்குக் குருக்களாகிய எங்களுடைய வழக்கம். அந்த இரண்டு சொல்லில் ஒரு சொல் தவறிப்போனால் என்ன நேரும் என்பதை இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் நான் கற்றுக்கொண்டேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். அதே தவற்றை வீடுகளில் நாள்தோறும் செய்துவரும் பெற்றோருக்கும் பெரியோருக்கும் இது பயன்படக்கூடும்.

எங்கள் பங்கில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துவந்த ஒரு பெண், ஞாயிறுதோறும் முதல் வாசகம் வாசிப்பாள். பொருள் உணர்ந்து, நிறுத்தி, தெளிவாக வாசிப்பாள். பின்வரிசையில் அமரும் முதியவர்களும் அவள் குரலுக்குத் தலைநிமிர்வார்கள். ஆரோக்கிய அன்னையின் திருநாள் கழிந்த ஞாயிறன்று, அவள் வாயிலைக் கடந்தபோது நெற்றியிலும் கன்னங்களிலும் சிவந்த பருக்கள் நிறைந்திருக்கக் கண்டேன். “என்னம்மா, முகமெல்லாம் முத்துப் பதித்திருக்கிறாயே!” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த மூன்று ஞாயிறுகளும் வரவில்லை.

ஐந்தாம் வாரம் அவளுடைய தாய் பங்கு இல்லத்திற்கு வந்தார். “சாமி, பிள்ளை கோவிலுக்கு மட்டுமா வரவில்லை? பள்ளிக்கூடத்திற்கும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டுதான் போகிறாள். வாசக மேடையில் நின்றால் யாரும் வாசகத்தைக் கேட்கமாட்டார்கள், என் முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்கிறாள்” என்றார். சிறிது தயங்கி, “சாமியே கேட்டுவிட்டார் என்று அழுதாள்” என்றும் சொன்னார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில், இந்தத் துன்பம் எனக்குப் புதியதன்று.

சிறிய குருமடத்தில் பயின்றபோது என் முகமும் அப்படித்தான் இருந்தது. அப்போது எனக்கு வயது 15. மூத்த மாணவர் ஒருவர், “அசுத்த எண்ணம் உள்ளவர்களுக்குத்தான் பரு வரும்” என்று சொல்லிவிட்டார். அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். துணி துவைக்கும் சோப்பால் நாளுக்கு ஐந்தாறு முறை முகத்தைத் தேய்த்துக் கழுவினேன். தோல் எரிந்தது, பரு பெருகியது. என்னைக் காண்பவரெல்லாம் என் உள்ளத்தையே படித்துவிடுகிறார்கள் என்று அஞ்சினேன். வாரந்தோறும் பாவசங்கீர்த்தனத்தில், செய்யாத குற்றங்களையெல்லாம் தேடித் தேடி ஒப்புவித்தேன். இறுதியில் முதிய குரு ஒருவர், “தம்பி, பரு வந்தது வயதினால், பாவத்தினால் அன்று. எழுந்து போய்ப் பந்து விளையாடு” என்றார். அன்று என் நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. அந்த விடுதலையைப் பெற்ற நானே, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், ஒரு பிள்ளையின் நெஞ்சில் அதே பாறையை ஏற்றிவைத்திருந்தேன்!

மறுநாள் மாலை, மறைக்கல்வி ஆசிரியை ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டிற்குச் சென்றேன். “மகளே, அன்று நான் பேசியது தவறு. பொறுத்துக்கொள்” என்றேன். அவள் தலைகுனிந்தவாறே, “நீங்கள் சொன்னது மட்டும் இல்லை சாமி. எல்லாரும் சொல்வதுதான்” என்றாள். அவள் என்னைக் கடிந்துகொண்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திராது. என் குருமடத்துக் கதையைச் சொன்னேன். என் கன்னத்தில் இன்றும் எஞ்சியிருக்கும் சிறு பள்ளங்களைக் காட்டினேன். “உங்களுக்குமா சாமி?” என்று முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த வீட்டில் அதுவரை நடந்த வைத்தியங்களைத் தாய் விவரித்தார். எலுமிச்சைச் சாறு பூசியாயிற்று, பற்பசை தடவியாயிற்று. அழகு நிலையத்தில் மூன்று முறை பேஷியல் செய்தாயிற்று. பாட்டியோ முட்டை, மீன், நிலக்கடலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, சோறும் இரசமும் உண்டு வாடியிருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்துக்கடையில் யாரோ சொல்லி வாங்கிய ஒரு களிம்பு இருந்தது. அதைப் பூசிய சில நாள்களில் முகம் பளிச்சென்று வெளுத்ததாம். நிறுத்தினால் முன்னிலும் அதிகமாகச் சிவந்து கொப்புளித்ததாம். ஆகவே மூன்று மாதங்களாக விடாது பூசிவந்தாள்.

அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குத் தாயையும் மகளையும் அனுப்பிவைத்தேன். நானும் உடன் சென்றேன். அங்கிருந்த பெண் மருத்துவர் பொறுமையோடு விளக்கியவற்றை, நம் குடும்பங்களின் நலன் கருதி இங்கே தொகுத்துத் தருகிறேன்.

நம் தோலின் மயிர்க்கால்களை ஒட்டிச் சிறு எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்கள், ஆண் பெண் இருபாலாரிடத்தும், அச்சுரப்பிகளைத் தூண்டுகின்றன. எண்ணெய் மிகுகிறது, உதிர வேண்டிய தோல் அணுக்கள் அதனோடு கலந்து மயிர்க்காலின் வாயை அடைக்கின்றன. அங்கே இயல்பாகவே வாழும் நுண்ணுயிர் பெருகி, வீக்கமும் சிவப்பும் உண்டாகின்றன. இதுவே பரு. மூக்கின் மேல் காணும் கரும்புள்ளியும் அழுக்கன்று. அடைப்பின் மேற்பகுதி காற்றுப்பட்டுக் கறுத்ததே. எனவே, “முகத்தைக் கழுவாததால் வந்தது” என்று பிள்ளையைக் குறைகூறுவது அறியாமை.

முகத்தை நாளுக்கு இருமுறை, காரம் குறைந்த கழுவியால் மென்மையாகக் கழுவினால் போதும். வியர்த்த பின் இன்னொரு முறை கழுவலாம். அழுத்தித் தேய்த்தால் தோல் புண்படும், பரு அதிகரிக்கும். எண்ணெய் வழியும் முகத்திற்கும் மெல்லிய ஈரப்பதக் களிம்பு தேவை. மயிர்க்காலை அடைக்காத வகை என்று குறிப்பிட்டதைப் பார்த்து வாங்க வேண்டும். நம் வீடுகளில் பிள்ளைகளின் தலையில் எண்ணெய் வழிய வழியப் பூசி, அது நெற்றிக்கு இறங்குவதையும் கவனிக்க வேண்டும். தலையில் பூசும் எண்ணெய்ப் பூச்சுகளால் நெற்றியில் தோன்றும் பருவைப் பற்றி அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 1970ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்கள்.

உணவைப் பற்றி நம்மிடையே தவறான எண்ணங்கள் பல. வடையில் உள்ள எண்ணெய் நேரே முகத்திற்கு ஏறிவிடுவதில்லை. ஆயினும் உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2007ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், 15 முதல் 25 வயதுவரையுள்ள 43 ஆண்கள் பங்கேற்றனர். இரத்தத்தில் சர்க்கரையை விரைவாக ஏற்றும் உணவுகளைக் குறைத்துக்கொண்டவர்களுக்கு, 12 வாரங்களில் பருக்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தன. ஆகவே இனிப்புப் பானங்கள், மைதாப் பண்டங்கள், சர்க்கரை மிகுந்த காப்பி ஆகியவற்றைக் குறைத்து, பயறு, கீரை, காய்கறி, பழம் ஆகியவற்றைக் கூட்டுவது நல்லது. பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகளும் உண்டு. ஆனால் அவை முடிந்த முடிபல்ல. வளரும் பிள்ளையின் முட்டையையும் மீனையும் பறிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. தவக்கால நோன்பு நாமே விரும்பி ஏற்கும் தவம். பருவுக்காகப் பிள்ளையைப் பட்டினி போடுவதோ தண்டனை.

பேஷியலைப் பற்றியும் மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். அன்றைக்கு முகம் மினுமினுக்கும். நோயின் காரணம் அப்படியே இருக்கும். சிவந்து வீங்கிய பருக்களின்மேல் எண்ணெய்க் களிம்பிட்டுப் பிசைவதும், பிதுக்குவதும், ஆவி பிடிப்பதும் தீங்கையே வளர்க்கும். எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் சென்றால் தோல் வெந்துபோகும். முல்தானி மண் எண்ணெயைச் சற்று நேரம் உறிஞ்சும். அதைச் சிகிச்சை என்று கொள்ளலாகாது.

கடையில் வாங்கிய அந்தக் களிம்பைக் கண்டதும் மருத்துவரின் முகம் மாறியது. அது ஸ்டீராய்டு கலந்தது. நாள்பட முகத்தில் பூசினால் தோலை மெலியச் செய்யும், பருவையும் உரோமத்தையும் வளர்க்கும், நிறுத்தினால் எரியும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018ஆம் ஆண்டில் விதித்தது. ஆயினும், வெண்மை வேண்டும் என்ற நம் ஆசை அந்த விதியைவிட வலிமையுடையதாக இருக்கிறது.

முறையான மருந்துகள் எளியவையே. பென்சாயில் பெராக்சைடு கலந்த களிம்பும், இரவில் பூசும் அடாபலீன் என்னும் களிம்பும் அவளுக்குத் தரப்பட்டன. முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். முதல் வாரங்களில் தோல் உலரும், சற்று எரியும். தலையணை உறையும் வெளுக்கும். பலனைக் காண எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் பொறுக்க வேண்டும். பகலில் வெயில் தடுப்புக் களிம்பு பூச வேண்டும். பருவைக் கிள்ளக் கூடாது. கிள்ளிய வடு வாழ்நாள் முழுதும் நிற்கும் என்பதற்கு என் கன்னமே சாட்சி. மாதவிலக்கு ஒழுங்கின்றி வருவதும், மோவாயில் உரோமம் வளர்வதும் உடனிருந்தால் சினைப்பைக் கோளாறு இருக்கலாம். அதையும் மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். மிகக் கடுமையான பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை, கருவிலுள்ள குழந்தைக்குப் பெருங்கேடு விளைவிப்பது. மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பின்றி அதை உண்ணவே கூடாது.

வீடு திரும்பியதும் பாட்டி என்னிடம் வாதிட்டார். “லீமா நகரத்துப் புனித ரோஸ், அழகு வேண்டாம் என்று முகத்தில் மிளகைத் தேய்த்துக்கொண்டார் அல்லவா? இந்தப் பிள்ளைக்கு முகத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை?” என்றார். நல்ல கேள்விதான். ஆனால் அந்தப் புனிதை தாமே தேர்ந்துகொண்ட தவம் அது. பிறர் முகத்தில் மிளகைத் தேய்க்க நமக்கு யார் உரிமை தந்தார்? நம் ஏளனச் சொற்கள் அந்த மிளகுதானே? யோபுவின் உடலெங்கும் புண்கள் வெடித்தபோது, அவருடைய நண்பர்கள் அருகில் அமர்ந்து, ‘நீ என்ன பாவம் செய்தாய்?’ என்றே துருவினார்கள். ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொண்டார். பிறவிக் குருடனைக் கண்டு, பாவம் செய்தவர் யார் என்று சீடர்கள் வினவியபோதும், இயேசு அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை. நாமோ ஒரு பருவைக் கண்டதும் ‘என்ன தின்றாய், என்ன பூசினாய், என்ன நினைத்தாய்’ என்று விசாரணை மன்றம் கூட்டுகிறோம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை தன் முகத்தைக் கண்ணாடியில் ஏற்கெனவே பார்த்துவிட்டது. நீங்கள் எடுத்துச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உறவினர் முன்னிலையில் அதைப் பேசாதீர்கள். திருமணத்தையும் நிறத்தையும் அதனோடு முடிச்சுப் போடாதீர்கள். பிள்ளை தானாக வந்து சொன்னால் கேளுங்கள். தகுந்த மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிள்ளை மனம் சோர்ந்து, உணவையும் நண்பர்களையும் வெறுத்து ஒதுங்கினால், அதை முகத்தின் நோயினும் பெரிதாக எண்ணி விரைந்து உதவி தேடுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு உடனே குணமாகிவிடவில்லை. பழைய களிம்பை விட்ட பின் முதல் மாதம் முகம் மேலும் சிவந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவின்போது பாடகர் குழுவின் கடைசி வரிசையில், ஒரு தூணின் மறைவில் நின்று பாடினாள். பாஸ்கா திருவிழிப்புக்கு வாசகர்களைக் கேட்டபோது, தன் பெயரைத் தானே வந்து எழுதினாள். மெழுகுதிரிகளின் ஒளியில் செங்கடலைக் கடந்த வரலாற்றை அவள் வாசித்தாள். கன்னத்தில் வடுக்கள் இருந்தன. இரண்டு புதிய பருக்களும் இருந்தன. துப்பட்டா தோளிலேயே கிடந்தது.

திருப்பலி முடிந்து வாயிலுக்கு வந்தாள். இம்முறை நான் சொல்லை எண்ணிப் பேசினேன்.

“நன்றாக வாசித்தாய், மகளே” என்றேன்.