குருவிகளின் பங்கு

உறைபனி மூடும் மேனாடுகளில், குளிர்காலத்தில் கொல்லைக்கு வரும் பறவைகளுக்குத் தானியம் இடுவர். திருத்துறைப்பூண்டியில் உறைபனி இல்லை. மார்கழிப் பனியோடு சரி. ஆயினும் அவ்வறம் இங்கும் பழையதே. அறுவடைக் கதிர்களைக் கொத்தாகப் பின்னி வாசலில் தொங்கவிடுவது காவிரிப் படுகையின் வழக்கம். அது குருவிகளின் பங்கு.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இவ்வட்டாரத்தைச் சூறையாடியது. அந்த மார்கழியில் நான் அங்குச் சென்றபோது தென்னைகள் சாய்ந்து கிடந்தன. கூரையிழந்த வீட்டு வாசலில் மூதாட்டி ஒருவர், நிவாரண அரிசியில் ஒரு பிடி அள்ளிக் குருவிகளுக்கு இறைத்துக்கொண்டிருந்தார். கதிர்க்கொத்தைக் காற்று கொண்டுபோயிற்றாம்.

"உங்களுக்கே போதாதே, பாட்டி?" என்றேன்.

"நமக்கு லாரியில் அரிசி வந்தது தம்பி, அதுகளுக்கு யார் கொண்டுவருவார்?" என்றார்.

முத்துப்பேட்டை செல்லும் வழியில் உள்ள உதயமார்த்தாண்டபுரம் ஏரி, 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கு வரும் நத்தைகுத்தி நாரைக்கு நம் அரிசி வேண்டா. மேட்டூர் நீர் வாய்க்கால் வழியே வந்து சேர்ந்தால் போதும். அவ்வாய்க்கால் தூர்ந்துவிடாமல் காப்பதும் ஒரு பிடி அரிசியே. அன்பர்களே, அப்பங்கை நாம் மறவாதிருப்போம்.