ஓட்டுநரின் கண் உயரம்

பழைய வண்டிகளைப் படமெடுப்பது என் வேலை. விற்பனைக்கு வரும் கார், வேன், லோடு வண்டி எதுவானாலும் அதன் உட்புறத்தை 360 டிகிரியில் எடுத்து, வாங்க நினைப்பவர் வீட்டிலிருந்தே கைபேசியில் சுற்றிப் பார்க்கும்படி செய்து கொடுக்கிறேன். இதற்கு மெய்நிகர் உலா என்று பெயர். யார்டுகளில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. “360 எடுக்கிற பொண்ணு வந்திருக்கு” என்பார்கள்.

நான் இருப்பது பொம்மையார்பாளையத்தில். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு தொடங்கும். காலாப்பட்டில் மறுபடியும் புதுச்சேரி வந்துவிடும். நாங்கள் நடுவில் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறோம். எங்கள் சாலையில் பிஒய் 01, டிஎன் 16, டிஎன் 32 என்று மூன்று வகை எண் பலகைகளும் கலந்து ஓடும். அதனால் வண்டி கைமாறும் வியாபாரமும் இங்கே அதிகம். எனக்கு வேலை கிடைப்பது அதனால்தான்.

வேலையில் இரண்டு பகுதி உண்டு. வெளிப்புறத்துக்கு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஒரே தூரத்தில் ஒரே உயரத்தில் அதைச் சுற்றி வந்து, 15 டிகிரிக்கு ஒன்றாக 24 படங்கள் எடுக்க வேண்டும். உட்புறத்துக்குப் பனோரமா கேமரா. முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு மீன்கண் லென்ஸ்கள் அதில் இருக்கும். ஒவ்வொன்றும் அரைக்கோளத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கும். அந்தக் கூடுதல் ஓரங்களை மென்பொருள் தைத்து ஒரே உருண்டையாக்கும். தையல் விழும் இடத்தில் லென்ஸுக்கு மிக அருகே ஏதாவது இருந்தால் அது உடைந்து தெரியும். ஆகவே முன்னிருக்கைகளுக்கு நடுவே கேமராவை நிறுத்தி, ஒரு லென்ஸ் முன் கண்ணாடியையும் மற்றொன்று பின்னிருக்கையையும் பார்க்கும்படி வைப்பேன். ஸ்டீயரிங் முழுதாக ஒரே லென்ஸில் விழும். தையல் இரண்டு பக்கக் கதவுகளின் மேல் போகும். வெளியே வெயில், டாஷ்போர்டுக்கு அடியில் இருட்டு என்பதால் வெவ்வேறு வெளிச்ச அளவில் பல படங்கள் எடுத்து ஒன்றாக்க வேண்டும். கடற்காற்றின் உப்பு லென்ஸில் படிந்துகொண்டே இருக்கும். நாலு படத்துக்கு ஒருமுறை துடைக்காவிட்டால் எல்லாமே பனி மூட்டமாக வரும்.

இந்தக் கேமராவுக்குப் பின்பக்கம் கிடையாது. சாதாரணக் கேமராவில் எடுப்பவர் அதன் பின்னால் நிற்கலாம். இதில் எங்கே நின்றாலும் படத்தில் விழுவோம். எனவே கேமராவை வைத்துவிட்டு, இறங்கிக் கதவைச் சாத்தி, ஜன்னலுக்குக் கீழே தெரியாதபடி தரையில் குந்தி உட்கார்ந்து கைபேசியில் பொத்தானை அழுத்துவேன். ஒரு நாளைக்குப் பத்து வண்டி என்றால் எத்தனையோ தடவை குந்தி எழ வேண்டும். யார்டில் இருக்கும் ஆண்கள் வேலையை விட்டுவிட்டு இதைப் பார்ப்பார்கள். எல்லாத் திசையும் தெரியும் ஒரு படத்தை எடுக்க, எல்லாக் கண்ணுக்கும் முன்னால் நான் பதுங்க வேண்டியிருக்கிறது.

பனோரமா என்ற சொல் பழையது. 1787இல் ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர் பிரிட்டனில் இதற்குக் காப்புரிமை பெற்றார். வட்டமான கட்டடத்தின் உட்சுவர் முழுக்க ஓவியம். பார்க்க வருபவர்கள் நடுவிலிருக்கும் மேடையில் நின்று திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும். 1995இல் ஆப்பிள் நிறுவனத்தின் குயிக்டைம் விஆர் அதைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தது. 2013இல் ரிக்கோ நிறுவனத்தின் தீட்டா கேமரா வந்த பிறகு, ஒரே அழுத்தலில் உருண்டைப் படம் எடுப்பது சாதாரண ஆட்களின் கைக்கும் எட்டியது. இத்தனை மாறியும் பார்க்கர் கட்டிய மேடை மட்டும் போகவில்லை. பனோரமாவுக்கு ஓரம் இல்லை, சட்டகம் இல்லை, எதையும் விடாமல் காட்டுகிறது என்று சொல்லி விற்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு நிற்குமிடம் இருக்கிறது. பார்ப்பவர் எத்தனை முறை சுற்றினாலும் அந்த ஒரு புள்ளியில் நின்றுதான் சுற்ற வேண்டும். அந்தப் புள்ளியைத் தேர்ந்தெடுப்பது கேமராவை வைப்பவர்.

எனக்குக் கொடுக்கப்பட்ட குறிப்பில் “ஓட்டுநரின் கண் உயரம்” என்று இருந்தது. எந்த ஓட்டுநர் என்று எழுதவில்லை. யார்டுக்காரர் தானே உட்கார்ந்து காட்டி, “இங்க வைம்மா” என்றார். அவர் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, நான் ஐந்தடி. அவர் காட்டிய உயரத்தில் வைத்தால் பானட்டின் முனைவரை தெரிகிறது, சாலை விரிகிறது, வண்டி விசாலமாகத் தோன்றுகிறது. நான் உட்கார்ந்தால் ஸ்டீயரிங்கின் மேல்வளைவு சாலையில் பாதியை மறைக்கிறது. முன் கண்ணாடியின் ஓரத்தூண் வலப்பக்கத்திலிருந்து வருபவரை விழுங்கிவிடுகிறது. சீட் பெல்ட் தோளை விட்டு நழுவிக் கழுத்தில் ஏறுகிறது. கிளட்சை முழுதாக மிதிக்க இருக்கையை முன்னால் இழுத்தால் நெஞ்சு ஸ்டீயரிங்கை ஒட்டிவிடுகிறது. வண்டி ஒன்றுதான்; உட்காரும் உடம்பைப் பொறுத்து அது வேறு வண்டியாகிறது.

இது என் குள்ளத்தின் பிரச்சினை என்று வெகுநாள் எனக்குச் சொல்லப்பட்டது. அது வண்டி செய்தவர்களின் கணக்கிலேயே தொடங்குகிறது. விபத்துச் சோதனைகளில் இன்றும் உலகம் முழுக்க அதிகம் பயன்படும் ஹைபிரிட் 3 என்ற பொம்மையை ஜெனரல் மோட்டார்ஸ் 1976இல் உருவாக்கியது. சுமார் 175 செ.மீ. உயரம், 78 கிலோ எடை. சராசரி அமெரிக்க ஆணின் அளவு. பெண் பொம்மை என்று பின்னால் வந்தது அதே ஆணைச் சுருக்கிய சிறிய வடிவம். சராசரிப் பெண்ணின் உடலமைப்பிலேயே, 162 செ.மீ. உயரத்தில் 62 கிலோ எடையில் ஒரு சோதனைப் பொம்மையை ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் என்ற பொறியாளரின் குழு 2022இல்தான் முன்வைத்தது. இடைப்பட்ட காலத்துக்கான விலையும் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, நேருக்கு நேர் மோதும் விபத்தில், சீட் பெல்ட் போட்டிருந்தும்கூட, பெண்களுக்குக் கடுமையான காயம் ஏற்படும் வாய்ப்பு ஆண்களைவிட 73 சதவீதம் அதிகம். ஓட்டுநரின் கண் உயரம் என்ற மூன்று சொல்லுக்குள் இத்தனையும் இருக்கிறது.

எங்கள் ஊரில் பெண்களுக்கும் வண்டிகளுக்கும் உள்ள உறவு பெரும்பாலும் ஓட்டுநர் இருக்கைக்கு வெளியேதான். மீன் விற்கும் பெண்கள் அன்னக்கூடையோடு ஷேர் ஆட்டோவுக்குக் கையைக் காட்டுவார்கள். கூடையைப் பார்த்ததும் ஆட்டோ வேகமெடுக்கும். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது பெரிய விடுதலைதான். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில், கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப ஏறிய மூதாட்டி ஒருவரை நாற்றம் வருகிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் நிலையத்தில் நின்று நியாயம் கேட்ட காணொளி பரவியது; முதலமைச்சர் கண்டித்தார்; ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். டிக்கெட் இலவசமானாலும் இருக்கை கிடைத்துவிடுவதில்லை. என் கேமரா அந்தப் பேருந்தை 360 டிகிரி எடுத்திருந்தாலும் நாற்பது காலி இருக்கைகள்தான் தெரிந்திருக்கும்.

எங்கள் தெருவில் மீன் வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர், இன்னும் மூன்று பெண்களோடு சேர்ந்து பழைய குட்டி யானை ஒன்று வாங்க முடிவு செய்தார். எங்கள் பக்கம் கடல் கரையைத் தின்றுகொண்டே வருகிறது. 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் கட்டிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தடைபட்டுப்போனது. வடக்கே இருக்கும் ஊர்களின் கரை மெலிந்துவிட்டது. வாசலில் வந்த மீனைத் தேடி இப்போது தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு விடியுமுன் போக வேண்டும். ஏலம் எடுத்த மீனைக் கொண்டுவர அடுத்தவர் வண்டிக்குக் காத்திருந்தால் ஐஸும் கரையும், விலையும் கரையும். சொந்த வண்டி இருந்தால் நேரம் அவர்கள் கையில்.

அக்கா இரண்டு யார்டுகளுக்குப் போய்வந்தார். துணைக்குப் பத்தாம் வகுப்பு படிக்கும் மகனைக் கூட்டிப் போயிருந்தார். “பணம் எங்கிட்ட இருக்குது, வண்டி எனக்கு வேணும். வெல மட்டும் அவங்கிட்ட சொல்றாங்க” என்றார். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தபோது ஒருவர் சிரித்தாராம். மூன்றாவது யார்டின் வண்டிகளுக்கு நான் படமெடுத்திருந்தேன். அக்காவின் கைபேசியில் அவற்றைத் திறந்து கொடுத்தேன்.

எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கைபேசியைக் கையில் பிடித்துத் தெருவிலேயே மெல்லச் சுற்றினார். படமும் கூடவே சுற்றியது. சீட் உறையை, மியூசிக் சிஸ்டத்தை எல்லாம் அவர் பார்க்கவேயில்லை. படிக்கட்டு எவ்வளவு உயரம், ஏறும்போது பிடிக்கக் கைப்பிடி இருக்கிறதா, புடவையோடு ஏற முடியுமா, ஐஸ் தண்ணீர் வடிய பின்தொட்டியில் ஓட்டை எங்கே, அந்த ஓட்டையைச் சுற்றி இரும்பு எப்படி இருக்கிறது என்று பார்த்தார். தொட்டியின் மூலையைப் பெரிதாக்கி வெகுநேரம் நின்றார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் மகனைத் தேடவில்லை. தன்னை யாரும் பார்க்காமல் ஒரு பொருளைத் தான் பார்ப்பது என்பது ஆண்களுக்கு எப்போதும் கிடைத்துவருகிற ஒன்று. அக்காவுக்கு அது அன்று மாலை அரைமணி நேரம் கிடைத்தது. நான் செய்யும் வேலைக்கு இப்படி ஒரு பயன் உண்டு என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

அந்த மூலையில் துரு இருந்தது. அதை அழித்துவிட்டுப் படத்தை மாற்றிக் கொடுக்கும்படி யார்டிலிருந்து முன்பே கேட்டிருந்தார்கள். உருண்டைப் படத்தின் அடியில் கேமராவைத் தாங்கும் கம்பி தெரியும்; அதை மறைக்க நிறுவனத்தின் சின்னம் போட்ட வட்டம் ஒன்றை ஒட்டுவது வழக்கம். “அந்த ரவுண்ட கொஞ்சம் பெருசாப் போடும்மா, மூலையும் மூடிக்கும்” என்றார் மேலாளர். கம்பி நான் கொண்டுவந்தது. துரு வண்டியோடு வந்தது. கம்பியை மறைப்பேன், துருவை மறைக்க மாட்டேன் என்று சொன்னேன். வாதம் நீளவில்லை. அந்த மாதத்தோடு அந்த யார்டு எனக்கு வேலை கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. எனக்கு வந்துகொண்டிருந்த வேலையில் பாதி அது. கைபேசித் தவணையைக் கட்ட அம்மாவிடம் கடன் வாங்கினேன்.

அக்கா அதே வண்டியைத்தான் வாங்கினார். தொட்டியின் மூலையைப் படத்தில் காட்டி, டிங்கரிங் செலவைக் கழித்துக்கொள்ளச் சொன்னார். கழித்துக் கொடுத்தார்கள். எஃப்.சி., இன்சூரன்ஸ், ஆர்.சி. புக் மூன்றையும் நால்வரும் உட்கார்ந்து வரிவரியாக வாசித்தார்கள். அவை எந்த லென்ஸிலும் தெரியாதவை. நால்வரில் இளையவர் ஓட்டுநர் உரிமம் எடுத்தார். இருக்கையில் அவருக்கு ஒரு தடித்த மெத்தையும் முதுகுக்கு ஒரு தலையணையும் வேண்டியிருக்கிறது. வண்டி தேங்காய்த்திட்டுக்குப் போய்வந்துகொண்டிருக்கிறது.

இப்போது வேறு யார்டுகளுக்கு வேலை செய்கிறேன். ஒரு வண்டிக்கு ஒரு நிற்குமிடம் என்பதை விட்டுவிட்டேன். அவர்கள் கேட்கும் உயரத்தில் ஒரு படம். அதே இடத்தில் ஒரு சாண் இறக்கி இன்னொரு படம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் பின்னிருக்கையில் ஒன்று. லோடு வண்டியானால் தொட்டிக்குள் ஒன்று. கூடுதல் படங்களுக்குக் காசு கேட்பதில்லை என்பதால் யாரும் தடுப்பதுமில்லை. இறக்கி எடுத்த படத்தின் பெயர்ப்பட்டியில் “ஓட்டுநரின் கண் உயரம் 2” என்று எழுதுகிறேன். ஒரு யார்டில் அதைப் பார்த்த மெக்கானிக், “இதுல ரோடே தெரியலயே” என்றார். ஆமாம் என்றேன். அவர் போய் உட்கார்ந்து, இருக்கையை ஏற்றி இறக்கும் நெம்புகோல் அந்த மாடலில் இருக்கிறதா என்று தேடினார். இல்லை.

கார், வீடு, கல்லூரி, கோயில் என்று எதன் மெய்நிகர் உலாவும் இனி உங்கள் கைபேசிக்கு வரும். வந்தால் சுற்றிப் பார்ப்பதற்கு முன்னால் விரலால் படத்தை மேலே தள்ளி நேர் கீழே பாருங்கள். அங்கே ஒரு வட்டம் இருக்கும். கேமரா எந்த உயரத்தில் நின்றது, அது யாருடைய தலை இருக்கும் இடம், நீங்கள் அங்கே நின்றால் இதெல்லாம் தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வட்டத்திலிருந்து இரண்டடி தள்ளி, கதவுக்கு வெளியே, தரையில் ஒருத்தி குந்தியிருப்பாள்.